சிக்ரி, சிறுசேரி, திருவாரூர்: தரமான இடங்களாக இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் விண்ணப்பிப்பதில்லை?

தேவகோட்டைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் டூ, கணக்கு–கம்ப்யூட்டர் குரூப். பொதுத்தேர்வு முடிந்ததும் சி.எம்.ஐ. நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்கிறாள். சிறுசேரியில் இருக்கிறதே, சென்னை கணிதவியல் கழகம், அதுதான். பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன், டியூஷன் சாரிடம் கேட்டேன், பேங்க்கில் வேலை பார்க்கும் மச்சானிடம் கேட்டேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. ஏதாவது கோச்சிங் சென்டரா என்று கேட்டவரும் உண்டு. இதே ஆட்களிடம், பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற எந்த டீம்டு பல்கலையைக் கேட்டாலும் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்பதுவரை சொல்கிறார்கள்.

தூரத்தில் இருப்பதால் தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. காரைக்குடியில் எங்களுக்கு மிக அருகிலேயே சிக்ரி இருக்கிறது, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்தது. அதற்குள் பி.டெக். படிப்பு நடக்கிறது என்பது எங்கள் தெருவில் பலருக்கும் தெரியாது.

படிப்பில் தரமாக இருக்கும் இடத்துக்குப் பெயர் ஏன் பரவுவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலூர் கணக்கு டீச்சர்

சார், உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கணக்குக்காகவே ஒரு இடத்தைத் தேடிப் போகிற பிள்ளைகளை நாங்கள் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

பள்ளிக்குள் இருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் உயர்கல்வி என்றால் இரண்டே பாதைதான். ஒன்று நீட், இன்னொன்று அண்ணா பல்கலை கவுன்சலிங். கவுன்சலிங்கை எல்லோரும் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, மொத்தம் இருநூறு. மதிப்பெண் வந்த அன்றைக்கே அப்பாக்கள் கால்குலேட்டரை எடுத்துக் கட்-ஆஃப் போட்டுவிடுவார்கள். போன வருடம் எந்தக் கல்லூரி, எந்தப் பிராஞ்ச், எந்தச் சமூகத்துக்கு எதில் முடிந்தது என்று பட்டியல் கையில் இருக்கிறது. தம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவர்களால் அளக்க முடிகிறது. நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு இப்படி மதிப்பெண்ணை மட்டும் வைத்து எளிமையாக்கியதால் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் இன்ஜினீயரானார்கள். அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிற எதையும் அவர்களால் அளக்க முடிவதில்லை. சி.எம்.ஐ.க்குத் தனித் தேர்வு, ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு, மத்தியப் பல்கலைக்குக் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனி இணையதளம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. பல விண்ணப்பங்கள் பொதுத்தேர்வு நெருங்கும் சமயத்திலோ, நடக்கும்போதோ முடிந்துவிடுகின்றன. மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு "வேறு என்ன படிக்கலாம் டீச்சர்?" என்று வருகிற பிள்ளைகளிடம், அதெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வருடா வருடம் எனக்கு வலிக்கிற இடம் இது.

இன்னொன்று ஃப்ளெக்ஸ். ஜூன் மாதம் எந்தப் பள்ளி வாசலையும் பாருங்கள். மருத்துவம் இத்தனை பேர், அண்ணா பல்கலை இத்தனை பேர் என்று படத்தோடு இருக்கும். அடுத்த வருட அட்மிஷன் அதைப் பார்த்துத்தான் நடக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு மாணவனுக்கு ஐசர் கிடைத்தது. அவன் படம் போடவில்லை. கேட்டதற்கு, பெற்றோருக்குப் புரியாது என்றார்கள். அவன் படம் இருந்திருந்தால் அடுத்த வருடம் நாலு பெற்றோராவது அது என்ன இடம் என்று கேட்டிருப்பார்கள்.

---

சிறுசேரி பழைய மாணவன்

சி.எம்.ஐ.யில் பி.எஸ்சி. படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989இல் சி. எஸ். சேஷாத்ரி, ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் ஒரு கணிதப் பள்ளியாகத் தொடங்கியது அது. காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்தவர். லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீனிடம் கணக்குப் படித்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போனவர். அவருடன் அதே ரசீனிடம் படித்த எம். எஸ். நரசிம்மன் வட ஆற்காடு தண்டரைக்காரர். இருவரும் சேர்ந்து 1965இல் நிறுவிய நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் இன்றைக்கும் உலகமெங்கும் வடிவியல் படிக்கிறவர்கள் கற்கும் பாடம். நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கு ஹானர்ஸ் படித்து இந்த உயரத்துக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அன்று கணக்கு ஹானர்ஸ் என்றால் வீட்டுக்கே பெருமை. 1984க்குப் பிறகு தனியார் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. அதன் பிறகு பி.எஸ்சி. என்பது வேறு எதுவும் கிடைக்காதவர்கள் படிப்பது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

1998இல் சி.எம்.ஐ. இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. 2006இல்தான் நிகர்நிலைப் பல்கலை தகுதி வந்தது. நடுவில் அந்த எட்டு வருடமும் பட்டம் மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்தது. பாடம் நடத்தியவர்கள் உலகத்தரக் கணிதவியலாளர்கள். ஆனால் சான்றிதழில் வேறொரு மாநிலத்துத் தொலைதூரக் கல்விப் பல்கலையின் பெயர். அதை ஒரு மதுரைத் தந்தைக்கு எப்படி விளக்குவது? தரம் முதல் நாளே இருந்தது. ஊர் நம்பக்கூடிய முத்திரை பிறகுதான் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், அது சின்ன இடம் என்பது. ஒரு பெரிய பொறியியல் கல்லூரியின் ஒரே பிராஞ்சில் இருக்கும் மாணவர் எண்ணிக்கைகூட எங்கள் பேட்ச்சில் கிடையாது. அதிலும் இந்தியா முழுவதிலிருந்தும் வந்தவர்கள். அப்படியானால் தேவகோட்டையிலோ தேனியிலோ "எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே படித்தான்" என்று சொல்ல யார் இருப்பார்கள்? நம் ஊரில் கல்லூரி பற்றிய செய்தி சொந்தக்காரர் வழியாகத்தான் போகிறது. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது "உங்க பையன் எங்க படிக்கிறான்?" என்று கேட்பார்களே, அங்கேதான் ஒரு கல்லூரிக்குப் பெயர் பிறக்கிறது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்கிற கல்லூரிக்கு எல்லாப் பந்தியிலும் ஆள் உண்டு. எங்களுக்கு ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் தேறுவதே கடினம்.

---

புதுவை வாசகர்

அதற்குத்தானே மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசை இருக்கிறது? அதைப் பார்த்துச் சேர்க்கலாமே.

---

சிறுசேரி பழைய மாணவன்

அந்தத் தரவரிசை பல துறைகளும் ஆயிரக்கணக்கான மாணவர்களும் உள்ள இடங்களுக்குப் பொருந்துகிறது. கணக்குக்கென்று அதில் தனிப் பிரிவு கிடையாது. 10 சதவீத மதிப்பெண் "பெயர் எப்படி" என்று மற்றவர்களைக் கேட்டுப் போடுவது. ஏற்கனவே பெயர் உள்ளவர்களுக்கே அது கூடும். பி.எஸ்சி. கணக்கு படிக்க ஓரிடம் எப்படி என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

---

தாமிரபரணி

எல்லாரும் பெற்றோருக்கு விவரம் பத்தாதுங்கிற மாதிரியே பேசுறீங்க. என் பக்கத்தையும் கேளுங்க. நான் அம்பாசமுத்திரம் பக்கம். எங்க வீட்ல முதல் பட்டதாரி என் பையன். அவனுக்கும் இயற்பியல்ல ஆசை இருந்துச்சு, சார் ஒருத்தர் ஐசருக்கு எழுதச் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். யோசிக்காம சொல்லல.

பி.இ. நாலு வருசம். முதல் பட்டதாரின்னா கவுன்சலிங்ல போனா டியூஷன் ஃபீஸ் சலுகை. நாலாவது வருசம் கேம்பஸ்ல ஒரு வேலை, அது பெரிய சம்பளமா இல்லாட்டியும் வேலை. நீங்க சொல்ற பாதையில பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்புறம் பிஎச்.டி. எல்லாம் முடிய அவனுக்கு முப்பது வயசு ஆயிரும். அதுவரைக்கும் தங்கச்சி கல்யாணம் நிக்குமா? அடகுல இருக்கிற நகை நிக்குமா? நல்ல இடம்னு எனக்கும் தெரியும். காத்திருக்கிற சக்தி எனக்கு இல்ல. இதை அறியாமைன்னு சொல்லாதீங்க.

---

மேலூர் கணக்கு டீச்சர்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. விளைச்சல் எப்போது வீட்டுக்கு வரும் என்று பார்க்காமல் யாரும் விதைப்பதில்லை. உங்கள் நிலையில் இருக்கும் வீட்டுக்கு நானும் இன்ஜினீயரிங்தான் சொல்வேன்.

என் வருத்தம் வேறு வீடுகளைப் பற்றி. வசதி இருக்கிறது, பையனுக்குக் கணக்கில் ஆழமான பிடிப்பு இருக்கிறது, ஆனாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கட்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கிறார்கள். அந்தப் பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கும் இந்தப் பெயர்கள் போய்ச் சேர்வதில்லை.

பி.எஸ்சி. என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2021இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயன்ஸ் படிப்பை ஆசையோடு எடுக்கிறார்கள். அது நல்ல படிப்புதான், என் மாணவர்களையே சேரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அறிவியல் பட்டம் என்பதற்காக யாரும் அங்கே தயங்கவில்லை. தெரிந்த பெயர் முன்னால் இருந்தால் பட்டத்தின் வகை ஒரு தடையே இல்லை என்று இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

---

சிறுசேரி பழைய மாணவன்

தாமிரபரணி அண்ணா, நீங்கள் எடுத்த முடிவை மதிக்கிறேன். மற்ற வாசகர்களுக்காக ஒரு விவரம் மட்டும்: சி.எம்.ஐ.யில் படித்த எல்லோரும் பிஎச்.டி. போவதில்லை. கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்துப் படிப்பதால் பி.எஸ்சி. முடித்தோ எம்.எஸ்சி. முடித்தோ சாஃப்ட்வேர், டேட்டா சயன்ஸ், நிதித்துறை என்று வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டணத்திலும் மாணவரின் தகுதியைப் பார்த்துச் சலுகை, உதவித்தொகை உண்டு. இணையதளத்தில் முழுக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பயந்து மூடிவிடாதீர்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இன்னும் எளிது, அங்கே பி.ஸ்டாட்., பி.மேத். படிக்கும் மாணவர்களுக்கு மாத உதவித்தொகையே கொடுக்கிறார்கள்.

---

மின்கலம்

சிக்ரி பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். அங்கே பி.டெக். படித்துவிட்டு இப்போது ஒசூர் பக்கம் பேட்டரி வேலையில் இருக்கிறேன்.

படிப்பின் பெயர் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினீயரிங். அண்ணா பல்கலையின் இணைப்பு. சேர்ந்தபோது எங்கள் சொந்தத்தில் ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை, கெமிக்கலா என்று இழுத்தார்கள். கவுன்சலிங்கில் உட்காருகிற பெற்றோர் முதலில் பிராஞ்சைப் பார்க்கிறார்கள், பிறகுதான் கல்லூரி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., இப்போது ஏ.ஐ. அண்ட் டேட்டா சயன்ஸ். அது எந்தக் கல்லூரியில் கிடைத்தாலும் சரி. 1952இலிருந்து இருக்கிற காரைக்குடி அழகப்பா அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தாலும், புதிதாகத் தொடங்கிய ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் எடுக்கிறார்கள். அரசுக் கல்லூரியின் ஒரு வருடக் கட்டணம் அந்தத் தனியார் கல்லூரியின் பஸ் கட்டணத்துக்குக்கூட ஈடாகாது. அதையும் தாண்டி எடுக்கிறார்கள்.

நான் படித்த இடத்தில் பாடம் எடுத்தவர்கள் அரிமானம், மின்முலாம், லித்தியம் அயனி மின்கலம் என்று அந்தந்தத் துறையில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் விஞ்ஞானிகள். வகுப்பில் எழுதிப்போட்ட சமன்பாட்டை அடுத்த கட்டடத்தில் கருவியில் பார்க்கலாம். கடற்காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஆய்வு நிலையமே வைத்திருக்கிறார்கள். பாம்பன் பாலத்தைப் பார்க்கிற நம் பக்கத்துக்கு இதைவிட நெருக்கமான பொறியியல் எது? இன்றைக்கு மின்சார ஸ்கூட்டர்கள் ஒசூர், கிருஷ்ணகிரிப் பக்கமே தயாராகின்றன. மின்கலம் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் இது வரும் என்று யாரும் சொல்லவில்லை. இன்று கண்முன்னால் இருந்தும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

---

ஆள் எடுப்பவர்

கேம்பஸ் வேலைவாய்ப்புப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் ஒரு நிறுவனத்தில் ஆளெடுப்புப் பிரிவில் இருக்கிறேன். பெற்றோர் பார்க்கிற "எத்தனை கம்பெனி வருகிறது" என்ற கணக்கு படிப்பின் தரத்தை மட்டும் காட்டுவதில்லை. ஒரு குழுவை ஒரு கல்லூரிக்கு அனுப்பினால் பயணம், தங்குமிடம், நேர்காணல் எடுப்பவர்களின் இரண்டு நாள் வேலை என்று செலவு ஆகிறது. ஒரே நாளில் பல நூறு பேரைத் தேர்வு எழுத வைக்கிற இடத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். நாற்பது பேர் உள்ள பேட்ச்சுக்கு, அதிலும் பாதிப்பேர் மேற்படிப்புக்குப் போகும் இடத்துக்கு, காரைக்குடிக்கோ திருவாரூருக்கோ குழு போகாது. அந்தப் பிள்ளைகள் திறமையானவர்கள் என்று எங்களுக்கும் தெரியும். தனியாக விண்ணப்பித்து வந்தால் எடுப்போம். ஆனால் கல்லூரியின் பிளேஸ்மென்ட் பலகையில் அது ஏறாது. பலகையைப் பார்க்கிற தந்தைக்கு அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது. அடுத்த வருடம் விண்ணப்பம் குறைகிறது. விண்ணப்பம் குறைந்த கல்லூரிக்கு நாங்களும் போவதில்லை.

---

தஞ்சை வடக்குவீதி

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. புதுக்கோட்டை சாலையில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் என்று ஒன்று இருந்தது. பிறகு ஐ.ஐ.சி.பி.டி. ஆனது, அப்புறம் ஐ.ஐ.எஃப்.பி.டி., 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி நிஃப்டெம் தஞ்சாவூர். உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் வழியாகச் சேர்க்கை. ஒரு பெயர் ஊர் வாயில் படிவதற்குள் அடுத்த பெயர் வந்துவிடுகிறது. ஆட்டோக்காரரிடம் இன்றும் பழைய பெயரைச் சொன்னால்தான் கொண்டுபோய் விடுவார்.

---

நீலக்குடி

திருவாரூர் மத்தியப் பல்கலையில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு படித்தேன். 2009இல் தொடங்கிய பல்கலை. திருவாரூருக்குப் பக்கத்தில் நீலக்குடியில் வளாகம். நான் உள்ளே போனபோது என்னை ஆச்சரியப்படுத்தியது, சுற்றிலும் மலையாளம் கேட்டதுதான். கேரளத்திலிருந்து அவ்வளவு பேர் வந்து படிக்கிறார்கள். பக்கத்து மன்னார்குடி, நாகப்பட்டினம் பிள்ளைகள் அந்த அளவுக்கு இல்லை.

கேரளத்தில் சீனியர்கள் விண்ணப்பம் வந்த அன்றே ஊரில் உள்ள ஜூனியர்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி, திருவாரூர் என்று மத்தியப் பல்கலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறார்கள். வந்தவர் அடுத்தவரைக் கூட்டி வருகிறார். நம்மிடம் அந்தச் சங்கிலி இல்லை. க்யூட் வேண்டாம் என்று 2022 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நுழைவுத் தேர்வு ஏழைப் பிள்ளைகளுக்குச் சுமை என்ற வாதத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தமிழிலேயே எழுதலாம். இது தெரியாமல் நம் பிள்ளைகள் விட்ட இடத்தில்தான் மற்றவர்கள் உட்காருகிறார்கள்.

பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப மாட்டோம் என்பவர்களிடமும் நான் இதையே சொல்வேன். டெல்டாப் பெண்களுக்கு ஒரு மத்தியப் பல்கலையே வீட்டுப்பக்கம் வந்து நிற்கிறது.

---

மேலூர் கணக்கு டீச்சர்

நீலக்குடி சொன்ன அந்தச் சங்கிலி அரசுப் பள்ளிகளில் இப்போது உருவாகத் தொடங்கியிருக்கிறது என்பதை இங்கே பதிய வேண்டும். மாவட்டம்தோறும் உள்ள அரசு மாதிரிப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி., ஐசர், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட், தேசியச் சட்டப் பல்கலை என்று போகிறார்கள். நான் முதல்வன் திட்டத்தில் எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று பள்ளியிலேயே சொல்கிறார்கள், ஆசிரியரே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார். கூலி வேலை பார்க்கிறவரின் மகளுக்குப் போய்ச் சேர்கிற அந்தச் செய்தி, ஊரிலேயே அதிக ஃபீஸ் வாங்குகிற மெட்ரிக் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்குப் போகவில்லை. ஒரு ஆசிரியர் வருடத்துக்கு ஒரு நாள், ஒரு பீரியட் ஒதுக்கி இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதினால் போதும். பதினொன்றாம் வகுப்பிலேயே எழுத வேண்டும். பன்னிரண்டில் எழுதினால் பாதித் தேதி போய்விடும்.

---

தாமிரபரணி

டீச்சர், என் மகள் இப்ப பத்தாவது. அந்தப் பட்டியலை இங்கேயே தனி இழையா போட முடியுமா? பையனுக்கு முடியல. அவன் சம்பாதிக்க ஆரம்பிச்சுட்டான், இவளுக்குக் கொஞ்சம் காத்திருக்கலாம்.

---

மேலூர் கணக்கு டீச்சர்

கட்டாயம் போடுகிறேன் அண்ணாச்சி. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன். எந்தத் தேர்வுக்குத் தமிழில் வினாத்தாள் உண்டு என்பதையும் சேர்க்கிறேன்.

---

தேவகோட்டைக்காரன்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். மகள் சி.எம்.ஐ. தேர்வு எழுதுகிறாள். கவுன்சலிங்கிலும் பதிவு செய்யப் போகிறோம். அதில் சிக்ரியையும் அழகப்பா கல்லூரியையும் சாய்ஸில் மேலே போடுவது என்று முடிவு. என் மனைவிக்கு ஒரே கேள்வி: ஹாஸ்டல் உள்ளேயே இருக்கிறதா? மகளுக்கு ஒரு கேள்வி: ஸ்டேட் போர்டு புத்தகம் மட்டும் படித்தால் தேர்வுக்குப் போதுமா?

---

சிறுசேரி பழைய மாணவன்

ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

புத்தகத்தைப் பற்றி: 2018க்குப் பிறகு வந்த நம் பதினொன்று, பன்னிரண்டு கணக்குப் புத்தகங்களில் தேவையான பாடப்பகுதி பெரும்பாலும் இருக்கிறது. பழக்கம்தான் வேறு. தேர்வில் ஒரு பகுதி விடையை மட்டும் கேட்கும். இன்னொரு பகுதியில் ஏன் அது உண்மை என்று முழுதாக நிறுவி எழுத வேண்டும். அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பயிற்சிக் கணக்கின் விடை வந்ததும் அடுத்ததுக்குப் போகாமல், தினமும் ஒரே ஒரு கணக்கை எடுத்து நிறுவலை வரிவரியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணியல் (நம்பர் தியரி), சேர்மானவியல் (காம்பினேட்டரிக்ஸ்) இரண்டையும் பள்ளிப் புத்தகத்துக்கு வெளியேயும் கொஞ்சம் படிக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் சி.எம்.ஐ. இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. புள்ளியியல் கழகத் தேர்வும் இதே வகைதான், ஒரே தயாரிப்பில் இரண்டையும் எழுதலாம். பழைய வினாத்தாளில் ஒன்றை நிறுவி எழுதிப் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள், எங்கே விளக்கம் குறைகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.